ஈயக்குட்டைகளும் நாரைகளும்: கிந்தா பள்ளத்தாக்கின் எழுதப்படாத ஏடு



குனோங் ராபாட் வட்டாரத்தில் வளர்ந்த என் வயதினரைக் கேட்டால், பிள்ளைப் பருவத்தில் தாயிடம் அடிக்கடி வாங்கிய கண்டிப்பு எது என்பதை உடனே சொல்லிவிடுவார்கள். "லோம்போங் பக்கம் போனேன்னு தெரிஞ்சா காலை ஒடிச்சிடுவேன்" என்பார் என் அம்மா. லோம்போங் என்பது சுரங்கத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். நம் மக்கள் பேச்சில் அது ஈயம் தோண்டிய இடத்தையும் குறிக்கும். தோண்டி முடித்தபின் நீர் நிரம்பிக் கிடக்கும் பள்ளத்தையும் குறிக்கும். எழுத்தில் நாம் ஈயக்குட்டை என்கிறோம்.

அம்மாவின் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 1976ஆம் ஆண்டு, நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தபோது, என் பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த நண்பன் பள்ளி விடுமுறையில் தூண்டிலோடு ஈயக்குட்டைக்குப் போனான். திரும்பி வரவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டே வந்து, அவன் பெயரில் நின்று, சற்று நேரம் கழித்து அடுத்த பெயரைப் படித்தார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவன் உறவினர்கள் இன்னும் இவ்வட்டாரத்தில் வாழ்வதால் பெயரை இங்கு எழுதவில்லை.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நான் எந்த ஈயக்குட்டையையும் நின்று பார்த்ததில்லை. பேருந்தில் போகும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிற்காலத்தில் அதே குட்டைகளின் ஓரத்தில் தொலைநோக்கியோடு நின்று பறவைகளைப் பார்ப்பவனாக நான் மாறியது எப்படி என்பதையும், அந்தப் பறவைகள் வழியாக நம் வட்டாரத்தின் வரலாற்றை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

பள்ளம் பிறந்த கதை

கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இவ்விரண்டுக்கும் இடையே கிந்தா ஆறு ஓடும் நிலப்பரப்பே கிந்தா பள்ளத்தாக்கு. இரு பக்க மலைகளும் கருங்கல். நடுநிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. குனோங் ராபாட்டில் சாம் போ தோங், கெக் லோக் தோங் முதலிய சீனக் குகைக்கோயில்களைத் தாங்கி நிற்கும் குன்றுகள் அந்தச் சுண்ணாம்புப் பாறையின் எச்சங்களே. கருங்கல் மலைகளில் பிறந்த ஈயத்தாது மழையால் அரிக்கப்பட்டுக் கீழே வந்தது. மணலைவிடக் கனமானது ஆகையால், சுண்ணாம்புப் பாறையின் கூர்முனைகளுக்கு இடையிலிருந்த குழிகளில் அது தங்கிவிட்டது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் இவ்வாறு சேர்ந்ததனால்தான் கிந்தா உலகின் மிக வளமான ஈயவயல்களுள் ஒன்றாயிற்று.

தமிழில் ஈயம் என்னும் சொல் வெள்ளீயம், காரீயம் ஆகிய இரண்டிற்கும் பொதுவாக வழங்குகிறது. இங்கே தோண்டப்பட்டது வெள்ளீயம். நம் பாட்டிமார் இரசம் வைத்த ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசிய ஈயப்பூச்சும் இந்த உலோகமே. மேலை நாடுகளில் உணவை அடைத்து விற்கும் தகர டப்பாக்களுக்கு வெள்ளீயப் பூச்சுத் தேவைப்பட்டதால் 19ஆம் நூற்றாண்டில் இதன் மதிப்பு உயர்ந்தது. 1880களில் கிந்தாவை நோக்கிச் சீனத் தொழிலாளர் அலை அலையாக வந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் உலகச் சந்தைக்கு வந்த ஈயத்தில் பாதிக்கும் மேல் மலாய் மாநிலங்கள் தந்தவை.

முதலில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு தோண்டினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராவல் பம்ப் முறை பரவியது. உயர் அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சி மண்கரையைக் கரைப்பர். கரைந்த சேற்றையும் சரளையையும் பம்ப் உறிஞ்சி, பாலோங் எனப்படும் நீண்ட மரச்சரிவின் உச்சிக்கு ஏற்றும். சரிவில் இறங்கும்போது கனமான தாது குறுக்குக் கட்டைகளில் தங்கும். மணலும் நீரும் ஓடிவிடும். பம்ப் ஓடும்வரை பள்ளம் வறண்டிருக்கும். அது நின்றுவிட்டால், மழைநீரும் ஊற்றுநீரும் சேர்ந்து பள்ளம் குட்டையாகிவிடும்.

இரண்டாவது முறை ஈயக்கப்பல். 1910களின் தொடக்கத்தில் இது கிந்தாவுக்கு வந்தது. தான் தோண்டிய குட்டையில் தானே மிதந்துகொண்டு, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் முன்பக்கம் தோண்டி, பின்பக்கம் மணலைக் கொட்டிக்கொண்டே நகரும் மிதக்கும் தொழிற்சாலை அது. பத்து காஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்குக்கும் இடையே இன்று காட்சிப் பொருளாக நிற்கும் 5ஆம் எண் ஈயக்கப்பலைப் பல பள்ளிகள் மாணவர்களோடு சென்று பார்த்திருக்கும். 1938இல் கட்டப்பட்டது, 4,500 டன் எடை, மிதவையின் நீளம் 75 மீட்டர், அகலம் 35 மீட்டர். 1982வரை அது உழைத்தது.

இந்த இரு முறைகளும் விட்டுச்சென்ற பள்ளங்கள் இயற்கையான ஏரிகளைப் போன்றவை அல்ல. ஏரியின் கரை மெல்லச் சரியும். ஈயக்குட்டையின் கரையோ செங்குத்தாக வெட்டப்பட்டது. ஓரடியில் முழங்காலளவு நீர் இருக்கும். அடுத்த அடியில் தரை இருக்காது. அடியில் கால் புதையும் சேறு. என் நண்பனுக்கு நீந்தத் தெரியும். அது அவனுக்கு உதவவில்லை.

நம்மவர் பங்கு

ஈயம் என்றால் சீனர், இரப்பர் என்றால் தமிழர் என்று பாடநூல்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. பெரும்பான்மையைக் கருதினால் அது பொய்யன்று. ஆனால் ஈயம் துறைமுகத்துக்குப் போக இருப்புப்பாதை வேண்டியிருந்தது. 1890களில் ஈப்போவைத் தெலுக் ஆன்சோனோடு, அதாவது இன்றைய தெலுக் இந்தானோடு, இணைத்த பாதையிலும் நாட்டின் ஏனைய பாதைகளிலும் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் தமிழர் மிகப் பலர். சுரங்கங்களுக்குச் செல்லும் சாலைகளைப் போட்டவர்களிலும் நம்மவர் இருந்தனர்.

ஈயமும் இரப்பரும் அண்டை வீட்டுக்காரர்கள் என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. சிம்பாங் பூலாய் வழியாகத் தெற்கே சென்று பத்து காஜா சாலையில் திரும்பினால் கெல்லி மாளிகை வரும். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி சுமித் தம் தோட்ட நிலத்தில் 1915இல் எழுப்பத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததனால் முற்றுப்பெறாமல் நின்றுபோன மாளிகை அது. அதன் வேலைக்குச் சென்னையிலிருந்து தமிழர்கள் வரவழைக்கப்பட்டனர். கொள்ளைநோயில் தொழிலாளர் பலர் மாண்டபோது, மற்றவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க மாரியம்மன் கோயில் கட்டப்பட்டது என்பர். அக்கோயிலின் மேற்கூரைச் சிலைகளுக்கிடையே கெல்லியின் உருவமும் நிற்கிறது. அவருடைய சொந்த ஊரின் பெயரான கெல்லாஸ் என்பதைத் தாங்கி இரப்பர்த் தோட்டமும் இருந்தது. ஈயக்கப்பல் நிறுவனமும் இருந்தது.

ஈயக்கப்பல்களில் வேலை செய்த தமிழரில் ஒருவர் என் தந்தையார். எண்ணெய் போடும் வேலை. வாளிச்சங்கிலி இரவும் பகலும் உருளும். அதன் பல்சக்கரங்களுக்கு ஓயாமல் எண்ணெய் வேண்டும். அந்த இரைச்சலில் பல ஆண்டுகள் நின்றதனால் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் நாங்கள் உரக்கப் பேசியே பழகினோம்.

இரைச்சல் அடங்கிய ஆண்டு

1985 அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி முடங்கியது. விலை விழாமலிருக்க ஈயத்தைத் தானே வாங்கி வைத்துக்கொண்டிருந்த அமைப்பு அது. அதனால் மேலும் வாங்க முடியாமல் போகவே, இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. அடுத்த சில மாதங்களில் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 70,000 டன்னுக்கும் மேல் எடுத்து உலகில் முதலிடத்தில் இருந்த நம் நாட்டின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஒரு நாள் அப்பா வழக்கத்துக்கு முன்பாகவே வீட்டுக்கு வந்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லக் காத்திருந்தேன்.

நாடு முழுவதும் ஒரு இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் ஈயத்துக்காகக் கிளறப்பட்டது. அதில் பெரும்பங்கு பேராக்கிலும் சிலாங்கூரிலும் உள்ளது. மேல்மண் போய், வெண்மணல் மேடுகளும் குட்டைகளும் மட்டுமே எஞ்சிய அந்நிலத்தைப் பயனற்றது என்று எல்லாரும் கருதினர்.

ஆனால் நிலம் சும்மா இருக்கவில்லை. மணலில் முதலில் லாலான் புல் முளைத்தது. பின்னர் செண்டுடோக் செடியும் வேலமர இனங்களும் வந்தன. ஆழம் குறைந்த ஓரங்களில் சம்பங்கோரையும் தாமரையும் ஆகாயத்தாமரையும் படர்ந்தன. மீன்கள் பெருகின. மீனைத் தேடி நாரைகள் வந்தன. செங்குத்தான கரை மனிதனை அச்சுறுத்தியதுபோலவே வேட்டையாடும் விலங்குகளையும் தடுத்தது. நீரால் சூழப்பட்ட மணல்திட்டுகளில் வளர்ந்த மரங்கள் கூடு கட்டப் பாதுகாப்பான இடங்களாயின. என் அம்மாவை அஞ்ச வைத்த அதே ஆழம் பறவைக் குஞ்சுகளுக்கு அரணாயிற்று.

1998இல் அப்பாவை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் துவாலாங் சாலைக்குச் சென்றேன். அவர்தாம் பழைய வேலையிடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சாலையோரத்தில் நின்று வளைந்து வளைந்து செல்லும் மணல் மேடுகளைக் காட்டி, "அது கப்பல் போன தடம். அந்த இடத்துல திரும்பினோம்" என்றார். எனக்கு மேடாக மட்டுமே தெரிந்தது அவருக்கு நாட்குறிப்பாக இருந்தது. அப்போது கோரைக்குள்ளிருந்து செம்பழுப்புக் கழுத்துடைய பெரிய பறவை ஒன்று எழுந்து பறந்தது. அது செந்நாரை என்று பின்னாளில் அறிந்தேன். அதன் கரகரப்பான குரல் அப்பாவின் காதுக்கு எட்டவில்லை. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், "நாங்க தோண்டிட்டுப் போனோம், இதுங்க குடி வந்துடுச்சு" என்றார். அன்றுதான் நான் முகத்தைத் திருப்பாமல் ஈயக்குட்டையைப் பார்த்தேன்.

இங்கிலாந்தின் சரளைக் குழிகள்

கைவிட்ட பள்ளங்களில் பறவைகள் குடியேறுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய புதுமையன்று. இங்கிலாந்தில் வீடுகளுக்கும் சாலைகளுக்குமாகச் சரளைக்கல் தோண்டிய குழிகளில் நீர் நிரம்பியது. கொண்டை முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவை, சீமாட்டிகளின் தொப்பிக்கும் உடைக்கும் வேண்டிய இறகுக்காகக் கொல்லப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் அழியும் நிலைக்கு வந்திருந்தது. சட்டப் பாதுகாப்புக் கிடைத்தபின் அது மீண்டு பெருகுவதற்கு இச்சரளைக் குழிகள் பெரிதும் துணைபுரிந்தன.

1931இல் அப்பறவையை நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தனர். பொதுமக்களைக் கொண்டு நடத்தப்பட்ட அக்கணக்கெடுப்பின் அமைப்பாளர் இருவரில் ஒருவர் டாம் ஹாரிசன் என்னும் இளைஞர். இப்பெயர் நமக்குப் புதியதன்று. 1947 முதல் 1966 வரை சரவாக் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்து, நியா குகையை அகழ்ந்து, 1958இல் தொன்மையான மனித மண்டையோட்டை வெளிக்கொணர்ந்த ஹாரிசன் அவரே. பறவைகளை எண்ணிப் பதிந்த அதே பழக்கத்தோடு அவர் பின்னாளில் மனித வரலாற்றின் ஏடுகளையும் திறந்தார்.

சின்னப் பட்டாணி உப்புக்கொத்தி என்றொரு சிறு பறவை உண்டு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். 1938வரை இங்கிலாந்தில் அது கூடு கட்டியதே இல்லை. அவ்வாண்டு முதற்கூடு காணப்பட்டது. பிறகு சரளைக் குழிகளின் வெறுந்தரையைப் பற்றிக்கொண்டு அந்நாட்டில் பரவியது. வடக்கில் குளிர் தொடங்கும்போது ஆசியாவின் வட பகுதிகளிலிருந்து அதே இனப் பறவைகள் நம் நாட்டுக்கும் வருகின்றன. ஈய மணல்வெளிகளில் அவை ஓடி ஓடி இரை தேடுவதைப் பார்க்கலாம். இரு நாடுகளிலும் மனிதன் சுரண்டி விட்டுச்சென்ற தரையே அச்சிறு பறவைக்கு ஏற்ற இடமாயிற்று.

மலாயாவில் பறவை பார்த்தோர்

மலாயா இயற்கைச் சங்கம் 1940இல் தோன்றியது. இன்றைய மலேசிய இயற்கைச் சங்கம் அதுவே. அக்காலத்துப் பறவை ஆர்வலரில் ஜி. சி. மாடோக் என்னும் காவல்துறை அதிகாரி குறிப்பிடத்தக்கவர். சப்பானியர் ஆட்சியின்போது சாங்கியில் கைதியாக இருந்த காலத்தில், 1943இல், மலாயாப் பறவைகளைப் பற்றிய அறிமுக நூலைத் தட்டச்சில் உருவாக்கினார். போருக்குப் பின் அது அச்சு நூலாக வெளிவந்தது. நம் சுண்ணாம்புக் குன்றுகளில் வாழும் நீலப் பூங்குருவியின் ஓர் உள்ளினம் அவர் பெயராலேயே மாடோகி என்று வழங்குகிறது. விடுதலையற்ற நிலையில் நினைவை நம்பி ஒருவர் பறவைகளைப் பற்றி எழுதினார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் பகுதியில் உள்ள பழைய ஈயக்குட்டைத் தொகுதி ஒன்று கிந்தா இயற்கைப் பூங்கா என்று பறவை ஆர்வலரால் அறியப்படுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. சாம்பல் நாரை, செந்நாரை, வெண்கொக்குகள், வக்கா எனப்படும் இராக்கொக்கு ஆகியவை கூட்டமாகக் கூடு கட்டும் இடம் அது. நாட்டின் பெரிய கொக்குக் குடியிருப்புகளில் ஒன்று. நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான், சீழ்க்கைச்சிறகி ஆகியவற்றையும் காணலாம். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் ஈய மணலில் வளை தோண்டி முட்டையிடுகிறது. மணலில் மறுபடியும் தோண்டும் வேலை! ஆனால் இது யாருக்கும் தீங்கு செய்யாத தோண்டல்.

தீங்கு செய்யும் தோண்டலும் தொடர்கிறது. கட்டுமானத் தொழிலுக்கு மணல் வேண்டும். ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சிய மணல் இன்று விலை பெறுகிறது. பறவைகள் குடியிருக்கும் குட்டைகளிலும் மணல் அள்ளப்படுவதைக் குறித்து இயற்கை ஆர்வலர்கள் கவலை தெரிவித்துள்ளனர். 2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. எனினும் குன்றுக்கும் குகைக்கும் கிடைக்கும் மதிப்பு குட்டைக்கு எளிதில் கிடைப்பதில்லை.

"இந்தக் குட்டைக்குப் பேரு என்னா, சார்?"

2009இல் மாணவர்கள் பன்னிருவரைப் பறவை பார்க்க அழைத்துச் செல்ல விரும்பினேன். பெற்றோர்களுக்குக் கடிதம் அனுப்பினேன். ஒரு தாயார் நேரில் வந்துவிட்டார். "சார், அந்தக் குட்டைக்கா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்க? நீங்க இந்த ஊருதானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். என் நண்பனைப் பற்றிச் சொன்னேன். சாலையோர மேட்டைவிட்டு ஒருவரும் இறங்கமாட்டார்கள் என்றும், மூன்று மாணவர்களுக்குப் பெரியவர் ஒருவர் என்றும் உறுதியளித்தேன். அவர் சற்று யோசித்து, "அப்படின்னா நானும் வர்றேன்" என்றார். அன்று எல்லாரையும்விடக் கூர்மையாகப் பறவைகளைக் கண்டுபிடித்தவர் அவரே.

மாணவர்கள் பயிற்சிப் புத்தகத்தில் பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதினார்கள். மலாயில் ருவாக்-ருவாக் என்று அவர்கள் அறிந்திருந்த பறவைக்குத் தமிழில் கானாங்கோழி என்ற பெயர் உண்டு என்றதும் வியந்தார்கள். நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவரை நினைவூட்டினேன். அப்போது ஒரு மாணவி, புத்தகத்தின் மேல்வரியில் இடத்தை எழுதுவதற்காக, "இந்தக் குட்டைக்குப் பேரு என்னா, சார்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்ற பெரியவர் எவருக்கும் தெரியவில்லை. ஈயம் எடுத்த காலத்தில் நிறுவனத்தின் வரைபடத்தில் அதற்கு ஓர் எண் இருந்திருக்கலாம். அருகிலிருந்த சீனக் குடியினர் ஒரு பெயரால் அழைத்திருக்கலாம். எங்களிடம் ஒன்றுமில்லை. பாலத்திலிருந்து எத்தனையாவது மின்கம்பத்துக்கு எதிரே அக்குட்டை இருந்தது என்பதை எண்ணிக் குறித்துக்கொண்டாள் அச்சிறுமி.

நம் முன்னோர் ஊரில் சிறு நீர்நிலைக்கும் பெயர் உண்டு. வேடந்தாங்கல் என்னும் பெயரிலுள்ள தாங்கல் என்பதே சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். அவ்வேரியின் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரை உரமாக்கித் தங்கள் வயலுக்கு வளம் சேர்ப்பதை ஊரார் அறிந்திருந்தனர். துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டவர்களைத் தடுக்க எண்ணி, செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேசிடம் 1798இல் எழுத்து வடிவில் உரிமை ஆவணம் பெற்றனர். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டனர். 1936இல் அவ்வேரி அரசின் பாதுகாப்புப் பெற்றது. 2022இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வூரார் கற்றறிந்த அறிஞர்கள் அல்லர், உழவர்கள். ஆனால் பெயருள்ள ஏரி, எழுதிய தாள், அதைக் காத்து வைத்த தலைமுறைகள் ஆகிய மூன்றும் அவர்களிடம் இருந்தன. நம் குட்டைகளுக்கு இம்மூன்றும் இல்லை.

மூன்றாண்டுகள் கழித்து அதே சாலையில் சென்றேன். பாலத்திலிருந்து மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே போனேன். அவ்விடத்தில் மணல் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. கோரை இல்லை, திட்டு இல்லை, கலங்கிய நீர் மட்டும் இருந்தது. அந்தக் குட்டையில் ஒரு சனிக்கிழமை காலையில் செந்நாரைகள் இருந்தன என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே சான்று, தேதியும் எண்ணிக்கையும் மின்கம்பக் கணக்கும் எழுதிய அந்த மாணவியின் பயிற்சிப் புத்தகத்தின் படி. வரலாற்று ஆவணம் என்றால் என்னவென்று பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். அன்றுதான் எனக்கே அது முழுமையாக விளங்கியது.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரிய நண்பர்களே, இதற்குப் பெரிய செலவு இல்லை. உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள குட்டைகளை வரைபடத்தில் குறியுங்கள். அங்கே வேலை செய்த தாத்தா பாட்டிமாரைப் பிள்ளைகள் பேட்டி காணட்டும். எந்த ஆண்டு தோண்டினர், எப்போது நிறுத்தினர், என்ன பெயரால் அழைத்தனர் என்று கேட்கட்டும். கப்பலில் இருந்தவர்களும் பாலோங்கில் நின்றவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1987 முதல் ஒவ்வோராண்டும் சனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அக்காலத்தில் பாதுகாப்பான ஓரிடத்தில் நின்று நாமும் பறவைகளை எண்ணி எழுதலாம்.

பெற்றோர்களே, லோம்போங் பக்கம் தனியே போகாதே என்று பிள்ளைகளைத் தொடர்ந்து கண்டியுங்கள். அதை நான் ஒருபோதும் தளர்த்தச் சொல்லமாட்டேன். ஆனால் ஏன் போகக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். கரையின் ஆழம் எப்படி உண்டானது, யார் தோண்டினார்கள், எதற்காகத் தோண்டினார்கள் என்பதைச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை அச்சத்தினால் மட்டுமன்றி அறிவினாலும் விலகி நிற்கும். நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது எங்களுக்கு அச்சுறுத்தல் கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. கரை செங்குத்தானது என்று யாரேனும் ஒரு வரைபடம் போட்டுக் காட்டியிருந்தால், என் நண்பன் அன்று தூண்டிலை வேறிடத்துக்குக் கொண்டு போயிருப்பானோ என்று இன்றும் நினைக்கிறேன்.

அவன் மூழ்கிய குட்டை இப்போது இல்லை. அதை நிரப்பி வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளில் சிலர் என்னிடம் படித்தார்கள். தங்கள் வீட்டின் அடியில் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாமலிருந்தது. ஒவ்வோராண்டும் அவர்களுக்கு அதைச் சொல்லி வந்தேன். முதலில் ஈயம், பிறகு நீர், பிறகு பறவைகள், அதன்பின் ஒரு சிறுவன், இப்போது உங்கள் வீடு என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதுவேன். பணி ஓய்வு பெற்றபின் கரும்பலகை இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.